மருமவனுக்கு நுழைவுத் தேர்வு

கழக்கூட்டம் சைனிக் ஸ்கூல்ல உனக்கு எடம் உறுதி, மருமவனே. வந்ததுல இருந்து பாத்துட்டுதான் இருக்கேன். உனக்குத் தெரியாத தலைநகரம் ஒண்ணுகூட உலகத்துல பாக்கி இல்ல. புர்கினா பாசோன்னு ஒரு நாடாம், அதுக்கு வாகடூகு தலைநகரமாம், ராத்திரி தூக்கத்துல சொல்லுகே. பின்னக் கணக்கு அத்தனையும் உனக்கு அத்துப்படி. வயசு ஒண்ணுதான் இடிக்கு. ஆறாம் வகுப்புல சேரணும்னா அந்த வருஷம் மார்ச் 31 அன்னைக்கு 10-க்குக் கொறையப்படாது, 12-க்கு மேல போகப்படாதுன்னு சட்டம் வச்சிருக்கான். உனக்கு இப்பம் 39. இல்லேன்னா உன்னைக் கொண்டுபோய் ஹாஸ்டல்ல சேத்துட்டு, உன் மோனை நான் தோவாளைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். அவனாவது கொஞ்சம் தூங்குவான்.

கோவப்படாதே. உன் பயம் எனக்குத் தெரியும். இந்தக் கேரளத்துல பத்தாங்கிளாஸ்ல தோக்க ஆளே கிடையாது. 2024-ல எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் 99.69 சதவீதம். எல்லாரும் ஜெயிச்சிட்டா அப்பன்மாருக்கு ஒரு சங்கடம் உண்டு பாத்துக்கோ. தன் பிள்ளையைப் பத்திப் பெருமை சொல்லணும்னா அடுத்தவன் பிள்ளை எங்கயாவது தோக்கணும்லா? அதுக்கு ஒரு வாசலைத் தேடி பத்து வயசுப் பயலை இழுத்துட்டு ஓடுகீங்க. அதுலயும் இது அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற பி.எஸ்.சி.யோட தலைமை ஆபீஸ் இருக்கிற ஊரு. அந்த ஆபீஸ் இருக்கிற பட்டம் வழியா பஸ்ல போனாலே ராங்க் ஃபைல்னு சொல்லுக வேலைப் பரீட்சைக் கைடு வாசனை அடிக்கும். பால்குடி மறக்காத பிள்ளையும் ஓ.எம்.ஆர். தாளைப் பாத்தா வட்டம் கறுப்பாக்கும்.

பள்ளிக்கூடத்தை நான் குத்தம் சொல்லல. கொள்ளாவுன்ன பள்ளிக்கூடம்தான். 1961-ல வி.கே. கிருஷ்ண மேனன் ராணுவ மந்திரியா இருக்கும்போது தொடங்கின திட்டம். 1962-ல இங்க கழக்கூட்டத்துலயும், அதே வருஷம் நம்ம உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதிநகர்லயும் வந்தாச்சு. ஓடுக பயலுக்கு மைதானம் உண்டு, வேளைக்குச் சாப்பாடு உண்டு. 2021-22ல இருந்து பெண்பிள்ளையளையும் எல்லா சைனிக் ஸ்கூல்லயும் சேக்கான். உனக்கு ஒரு மோளும் உண்டே, நாலாங்கிளாஸ்ல. அவளுக்கு ஏன் சுவர்ல ஒரு உலகப்படம் ஒட்டல? ஒட்டாம இருக்கதுதான் அவளுக்கு நல்லது, போகட்டும்.

விதுரை பக்கம் செற்றச்சல் நவோதயாவுக்கும் அப்ளிகேஷன் போட்டிருக்கேன்னு சொன்னே. அதுவும் நல்லதுதான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் எங்க பிள்ளையளுக்கு அந்தப் பரீட்சையே கிடையாது. தமிழ்நாட்டுல நவோதயா வரல்லலா, இந்திச் சண்டையில நின்னு போச்சு. 1956-ல எல்லையை வரைஞ்சவன் எங்களை அந்தப் பக்கம் தள்ளினதுல தோவாளைப் பயலுவளுக்கு ஒரு பரீட்சை கொறைஞ்சுது. உன் மோனுக்கு ரெண்டு. நவோதயா ஆறாங்கிளாஸுக்கு வாழ்நாள்ல ஒருக்கத்தான் எழுத விடுவான்னும் தெரிஞ்சு வச்சுக்கோ. 80 கேள்வி, ரெண்டு மணி நேரம். அதுல பாதிக் கேள்வி படத்தைப் பாத்து மிச்சத்தைக் கண்டுபிடிக்கிற மூளைக் கணக்கு. அதுக்கு வாகடூகு உதவாது.

சைனிக் தாளையாவது நீ ஒழுங்காப் பாத்தியா? ஆறாம் வகுப்புக்கு 125 கேள்வி, 150 நிமிஷம், 300 மார்க்கு. கணக்குல 50 கேள்வி, ஒண்ணுக்கு 3 மார்க்கு வச்சு 150. மொழி, புத்திக்கூர்மை, பொது அறிவு மூணுக்கும் ஆளுக்கு 25 கேள்வி, ரெண்டு ரெண்டு மார்க்கு, ஐம்பது ஐம்பது. அப்பம் பாதித் தாளு கணக்குதான். ஆனா உன் வீட்டுச் சுவர்ல என்ன தொங்குகு? நதிகள், தலைநகரங்கள், நோபல் வாங்கினவங்க. காரணம் எனக்குத் தெரியும் கேட்டியா. விருந்தாளி வந்தா பயலைக் கூப்பிட்டு நிறுத்தி "பெருவோட தலைநகரம் என்னடே?"ன்னு கேக்கலாம். அவன் லிமான்னு சொன்னதும் வந்தவன் முறுக்கைக் கடிக்காம வாயைப் பொளந்துட்டு இருப்பான். அதுக்குப் பதிலா "மூணில் ரெண்டையும் அஞ்சில் நாலையும் கூட்டுடே"ன்னு கேட்டுப் பாரு. பய பேப்பரைத் தேடுவான். விருந்தாளி செருப்பைத் தேடுவான். பொது அறிவு கூடத்துல நடக்கும், கணக்கு மூலையில நடக்கும். நீ கூடத்துக்குத்தான் படிப்பிக்கே.

பொது அறிவை விட்டுரணும்னு சொல்ல வரல. பொதுவா ஒவ்வொரு பகுதியிலயும் நூத்துக்கு 25 வாங்கணும், மொத்தத்துல 40 வாங்கணும். பொது அறிவுல ஏழு கேள்வி சரியாப் போட்டா அந்தப் படி தாண்டிரும். அது வாசப்படிதான், சீட்டு ராங்க் வச்சுத்தான் கிடைக்கும். ஆனா ராங்கைத் தூக்குகது எதுன்னு உன் கால்குலேட்டர்ட்ட கேளு. ஒரு கணக்கு தப்பினா மூணு மார்க்கு போகும். ஒரு தலைநகரம் தப்பினா ரெண்டு.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகேன். மொபைலைக் கொஞ்சம் கவுத்தி வை.

சாயங்காலம் ஏழு மணிக்கு உன் மோன் புஸ்தகத்தை விரிச்சு ராகம் போட்டு வாசிக்கான். அந்தச் சத்தம் அடுக்களையில கேட்டுட்டே இருந்தா உன் வீட்டுக்காரிக்கு நிம்மதி. நின்னு போச்சுன்னா கரண்டியோட வந்து எட்டிப் பாக்கா. நீயும் அப்படித்தான். படிப்பைக் காதால அளக்கிற வீடு இது. அன்னைக்கு ஒருநாள் பய புஸ்தகத்தை மூடி மடியில வச்சுட்டு, மோட்டைப் பாத்து, உதட்டை அசைச்சு, விரலை மடக்கி என்னமோ யோசிச்சிட்டு இருந்தான். நீ வந்து, "என்னடே கனவு காணுகே? புஸ்தகத்தைத் தொற"ன்னு ஒரு அதட்டுப் போட்டே. மருமவனே, அன்னைக்கு முழுக்க அவன் படிச்சது அந்த ஒரு நிமிஷந்தான். அதையும் நீ கலைச்சுவிட்டே.

நம்ப மாட்டே. கிழவன் சொன்னா யாரு நம்புவா? என் பேத்தி காரியவட்டத்துல சைக்காலஜி படிக்கா, அவ சொன்னதைச் சொல்லுகேன். அமெரிக்காவுல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேரு 2006-ல மாணவமாரை வச்சுச் சோதிச்சிருக்கான். ஒரு கூட்டத்துக்கு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கக் கொடுத்தான். இன்னொரு கூட்டத்தை வாசிச்ச பொறவு மூடி வச்சுட்டு, நெனைவுல இருக்கதை எழுதச் சொன்னான். அஞ்சு நிமிஷத்துல பரீட்சை வச்சா வாசிச்சவன் முந்துனான். ஒரு வாரம் கழிச்சு வச்சா மூடி எழுதினவன் முந்துனான். இதுல கூத்து என்னன்னா, திரும்பத் திரும்ப வாசிச்சவனுக்குத்தான் "எனக்கு எல்லாம் ஓர்மையில நிக்கும்"னு தைரியம் கூடுதலாம். டியூஷன்ல இருந்து வந்ததும் வாசல்லயே நிறுத்தி நீ கேள்வி கேக்கே பாரு, அது அந்த அஞ்சு நிமிஷப் பரீட்சை. அதுல அவன் நூத்துக்கு நூறு. உனக்குச் சந்தோஷம், டியூஷன் சாருக்கு ஃபீஸ். ஜனவரி மாசப் பரீட்சை அஞ்சு நிமிஷம் கழிச்சா வருகு?

அதனால ஒரு காரியம் செய்யி. ஒரு பக்கம் வாசிக்கட்டும், மூடட்டும், ஒரு துண்டுத் தாள்ல தோணுகதை எழுதட்டும். பொறவு தொறந்து பாத்து விட்டதை வேற மையில எழுதட்டும். வீடு அமைதியா இருக்கும். அந்த அமைதி உனக்குப் பொறுக்காது, தெரியும். பொறுக்கல்லன்னா எந்திச்சு வெளிய போ. கரமனை ஆத்தங்கரையில காத்து நல்லா வரும்.

பொறவு, படிச்சதைத் திரும்பிப் பாக்கிற விஷயம். உன் டைம்டேபிள்ல திங்கக்கெழமை பின்னம், செவ்வா தசமம், புதன் சதவீதம்னு கட்டம் கட்டமா, சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியிற மாதிரி போட்டிருக்கே. சாலைக் கம்போளத்துல ஸ்கெட்ச் பேனா விக்கிறவன் உனக்குக் கோவில் கட்டணும். ஆனா பின்னம் ஜூன்ல முடிஞ்சா முடிஞ்சுது. நூறு கணக்கை ஒரே நாள்ல போட்டு, "பின்னம் ஓவர்"னு டிக் அடிச்சுட்டே. பொறவு அது தலையெடுக்கது ஜனவரியில, பரீட்சை ஹால்ல. அப்பம் பயலுக்கு அது அன்னியன்.

பத்மநாபசாமி கோவில்ல ஆறு வருஷத்துக்கு ஒருக்க முறஜபம் நடக்கும்லா? 56 நாளு. எட்டு நாளுக்கு ஒரு முறைன்னு ஏழு முறை திரும்பத் திரும்ப ஜபிப்பாங்க. வேதம் முழுக்க நெஞ்சுல வச்சிருக்கிற பெரியவங்களே முடிச்சாச்சுன்னு எந்திச்சுப் போகல, மறுபடி முதல்ல இருந்து வாறாங்க. உன் மோன் பத்து வயசுல பின்னத்தை ஒரே நாள்ல முடிச்சுட்டானாம்! எப்பிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரன், அர்த்தமே இல்லாத எழுத்துக்கூட்டங்களைத் தானே மனப்பாடம் பண்ணி, எத்தனை நேரத்துல எவ்வளவு மறக்கோம்னு தன்னையே அளந்து 1885-ல எழுதி வச்சிருக்கான். முதல் நாளுக்குள்ளயே பெரும்பகுதி ஓடிரும், பொறவுதான் ஓட்டம் மெதுவாகும். அதனால இன்னைக்குப் போட்ட கணக்குல ரெண்டை நாளைக்குப் போடட்டும், ரெண்டை நாலு நாள் கழிச்சு, ரெண்டைப் பத்து நாள் கழிச்சு. நூறு வேண்டாம். பத்தே போதும், ஆனா திரும்பி வரணும். வேற வேற கணக்கைக் கலந்து வரணும். பரீட்சைத் தாள்ல "இது பின்னம், இந்த வழியில போடு"ன்னு தலைப்பு எழுதித் தர மாட்டான்.

தப்புக்கு வருவோம். டியூஷன்ல ஒரு கணக்கு தப்பினா சாரு சிவப்பு மையில அடிச்சு, சரியானதைப் பக்கத்துல எழுதிருகாரு. பய அதை அழகா நோட்டுல காப்பி எடுக்கான். நீ கையெழுத்துப் போடுகே. மூணு பேருக்கும் வேலை முடிஞ்சுது, தப்பு மட்டும் அப்படியே இருக்கு. ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் கொடு. அதுல தப்பின கேள்வியும், ஏன் தப்பாப் போச்சுன்னு அவன் வாயில வருக ஒரு வரியும் மட்டும். "எட்டேழு அம்பத்துநாலுன்னு போட்டேன்." "மீதி எவ்வளவுன்னு கேட்டான், நான் செலவை எழுதினேன்." "இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்ல." இந்த மூணும் மூணு வேற வியாதி. முதல் ஆளுக்கு வாய்ப்பாடு வேணும், ரெண்டாவது ஆளு கேள்வியை முழுக்க வாசிக்கணும், மூணாவதுக்குத்தான் சாரு வேணும். நீ மூணுக்கும் ஒரே மருந்தா இன்னொரு கைடு வாங்கிட்டு வருகே. அலமாரியில இப்பம் எத்தனை கைடு இருக்குன்னு எண்ணிப் பாத்தியா? பாதிக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கல.

காலையில நாலு மணி அலாரம். அந்த அலாரம் யாருக்கு அடிக்குன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். பய எந்திக்கல, நீ எந்திக்கல, மூணாம் மாடிக்காரன் எந்திச்சுப் பால் வாங்கப் போறான். ஆறுல இருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளையளுக்கு 9-ல இருந்து 12 மணி நேரம் உறக்கம் வேணும்னு 2016-ல அமெரிக்காவுல உறக்கத்தையே படிச்ச டாக்டர்மார் கூடிச் சொல்லியிருக்காங்க. இவன் ராத்திரி பத்துக்குப் படுக்கான், நாலுக்கு எழுப்புகே. ஆறு மணி நேரம். அந்த நேரத்துல அவன் வாசிச்சதை நீ கேட்டிருக்கியா? "இந்தியாவின்... இந்தியாவின்... இந்தியாவின்..." நாடு அதுக்கு மேல நகரவே இல்ல. ஒம்பதுக்குப் படுக்கட்டும், ஆறுக்கு எந்திக்கட்டும். சாயங்காலம் அரைமணி, பொறவு எந்திச்சு ஓடட்டும், வந்து இன்னொரு அரைமணி. தினம் அதே நேரம், அதே மேசை. எழுத்துப் பரீட்சை தாண்டினா மெடிக்கல் உண்டு. மைதானத்தையே பாக்காத பயலை மைதானத்துக்குப் பேர்போன பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பாக்குக அப்பனை நான் இங்கதான் பாக்கேன்.

அந்த அரைமணி நேரம் நீயும் பக்கத்துல இரி. சொல்லிக் கொடுக்காண்டாம். மாதிரிக்கு ஒரு பேப்பரோ புஸ்தகமோ விரிச்சு வச்சுக்கோ. "நீ படி"ன்னு சொல்லிட்டு நீ ரீல்ஸ் பாத்துச் சிரிச்சா, அவன் காது அங்கதான் இருக்கும். பாளையத்துல 1829-ல தொடங்கின புஸ்தகசாலை இருக்கு. இந்தியாவுல பொது நூலகங்கள்ல ரொம்பப் பழையதுல ஒண்ணு. ராங்க் ஃபைல் வாங்க நீ அது முன்னால எத்தனை தடவை பைக்ல போயிருப்பே. ஒருநாள் உள்ள கூட்டிட்டுப் போ. பய கதைப்புஸ்தகம் எடுக்கட்டும். மொழித்தாளுல பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேப்பான். அதுக்குக் கைடு வாசிச்சுப் பயன் இல்ல, வாசிச்சுப் பழகின கண்ணு வேணும்.

மொழின்னதும் ஓர்மை வருகு. ஆறாம் வகுப்புத் தாளைத் தமிழ்லயும் எழுதலாம், மலையாளத்துலயும் எழுதலாம், 13 மொழி இருக்கு. ஒம்பதாம் வகுப்புக்குத்தான் இங்கிலீஷ் மட்டும். நீ யாரையும் கேக்காம இங்கிலீஷ்னு முடிவு பண்ணிட்டே. பய கணக்குப் போடும்போது உதட்டைப் பாரு, ஏழெட்டு அம்பத்தாறுன்னுதான் முணுமுணுக்கான். இங்கிலீஷ் வேண்டாம்னு நான் சொல்லல, உள்ள போனா பாடம் இங்கிலீஷ்லதான். அவனுக்கு ஒரு பழைய கணக்குத் தாளைத் தமிழ்ல ஒருக்க, வேற ஒண்ணை இங்கிலீஷ்ல ஒருக்கக் கொடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணியிருக்கலாம்லா. அதுக்கு அவன்ட்ட ஒரு வார்த்தை கேக்கணும். அவன்ட்ட கேக்கது உனக்கு வழக்கம் இல்ல.

ஓ.எம்.ஆர். தாளுல வட்டம் போடுகதெல்லாம் கடைசி மாசத்து வேலை. ஞாயித்துக்கிழமை காலையில கடிகாரம் வச்சு 150 நிமிஷம், பால்பாயின்ட் பேனா, பக்கத்துல ஆள் இல்லாம. ஒரு கேள்விக்கு 72 செகண்டுதான் வருகு. தெரிஞ்சதை முதல்ல, இழுக்கதைப் பொறவுன்னு தாண்டிப் போகப் பழகட்டும். தப்புக்கு மார்க்கு கொறைக்க மாட்டான். அதனால கடைசி அஞ்சு நிமிஷத்துல வெறும் வட்டம் ஒண்ணும் மிச்சம் வைக்காண்டாம். ஆனா இதை இப்பமே சொல்லிக் கொடுத்திராதே. ஜூன் மாசத்துலயே குருட்டாம்போக்குல வட்டம் கறுப்பாக்கப் படிச்சிருவான்.

இன்னொண்ணு. சாலையில அரிசிக்கடைக்காரன், பூக்கடைக்காரன், லாட்டரிக்காரன் அத்தனை பேர்ட்டயும் "மோன் சைனிக் எழுதுகான்"னு சொல்லி வச்சிருக்கே. நேத்து நானும் பயலும் வெத்தலை வாங்கப் போனா கடைக்காரன் கேக்கான், "எந்தா மோனே, பட்டாளக்காரன் ஆயோ?" பய முகம் போன போக்கைப் பாக்கணுமே. அவனுக்குப் பரீட்சைப் பயம் கொஞ்சந்தான். இந்தக் கம்போளத்து வழியா மறுபடி நடக்கணுமேங்கிற பயம்தான் கூடுதல். கிடைக்கல்லன்னா ஒம்பதாம் வகுப்புக்கு 13 வயசுல இருந்து 15 வரைக்கும் மறுபடி ஒரு வாசல் உண்டு. அதுக்குள்ள அவன் மூடி வச்சுப் படிக்கவும், தப்பை எழுதவும், நேரத்துக்கு உக்காரவும் பழகியிருந்தா அந்தப் பழக்கத்துக்கு யாரும் கட்டாஃப் வைக்க முடியாது. இதை உன் வீட்டுக்காரிக்குச் சொல்லு. உனக்குச் சொன்னா நீ அதையும் லேமினேட் பண்ணி ஒட்டிருவே.

பரீட்சை அன்னைக்கு வாசல்லயே நிக்காதே. வெளிய வந்ததும் "முப்பத்திரண்டாம் கேள்விக்கு என்ன போட்டே?"ன்னு ஆரம்பிச்சே, நான் அங்கேயே உன் மானத்தை வாங்கிருவேன். நேரா ஒரு நல்ல கடையில போளியும் பால்பாயசமும் வாங்கிக் கொடு. இலையில போளியை வச்சுப் பாயசத்தை ஊத்தி அவன் குழைச்சுத் திங்கட்டும். விடைக்குறிப்பைப் பரீட்சை நடத்துக என்.டி.ஏ. பொறவு வெளியிடும். அப்பம் அவனே உக்காந்து ஒண்ணொண்ணா ஒத்துப் பாக்கட்டும், அந்த நாப்பது பக்க நோட்டுல எழுதட்டும். உனக்குக் கை சும்மா இருக்காதுன்னா, அந்த நேரத்துல மூணாம் மாடிக்காரன் வீட்டுக்குப் போய், நாலு மணி அலாரத்துக்கு ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வா.